அளந்து வைத்த சொல்

"வரலாற்றுச் சாதனை எண்டு சொல்லுங்க காக்கா."

"என்ன வரலாறு? மகன் ஓ.எல். பாஸ் பண்ணியிரிக்கிறார். நல்லாப் பண்ணியிரிக்கிறார், மாஷா அல்லாஹ். 'சிறப்புச் சித்தி' எண்டு சொல்லுவன். அதுக்கு மேல போக ஏலாது."

"மத்த ஆக்கள் எல்லாரும் சாதனை எண்டுதானே சொல்றாங்க."

"அப்ப அவங்களக் கூப்பிடுங்க. நான் கோவிக்க மாட்டன்."

வந்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவி முடிவதற்குள் அவர் திரும்பி வந்துவிட்டார். "சரி, உங்கட இஷ்டத்துக்குச் சொல்லுங்க" என்றார். எனக்குத் தெரியும், திரும்பித்தான் வருவார்கள். அந்தக் குரல் ஊரில் வேறு யாருக்கும் இல்லை.

காக்கா எங்கள் ஊரின் அறிவிப்பாளர். ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு சாய்ந்தமருது முழுக்கச் சுற்றுவார். சில நாட்களில் கல்முனைக்கும் மாவடிப்பள்ளிக்கும் போவார், ஏதாவது பெரிய விஷயமென்றால் அக்கரைப்பற்றுக்கும் கூப்பிடுவார்கள். பரீட்சைப் பெறுபேறு வந்தாலும் அவர்தான், கடை திறந்தாலும் அவர்தான், யாரும் கண்ணை மூடி மௌத்தானாலும் அவர்தான். எங்கள் வீட்டு முன்மதிலோடு ஒட்டி ஒரு கடை அறை இருக்கிறது. அதில்தான் அவருடைய மைக் செட் சாமான்களை வைத்திருந்தார். அதனால் ஊரில் யாருக்கு என்ன நல்லது நடந்தாலும் முதலில் என் காதில்தான் விழும். அண்ணன் முறைக்குக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூடப் பிறந்தவர் இல்லை. ஆனால் கூடப் பிறந்தவர்களோடு பிடிக்காத சண்டையெல்லாம் அவரோடு பிடித்திருக்கிறேன்.

சொல்லில் அப்படியொரு கஞ்சனை நான் கண்டதில்லை. அடுத்தவனுக்குக் கிடைத்த நன்மையைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, அதன் அளவுக்குத்தான் சொல் எடுப்பார். கரைவலைக்காரர்கள் நல்ல பாடு ஒன்று இழுத்துவிட்டு வந்தால் "மீன் பட்டிச்சு" என்பார், அவ்வளவுதான். சவளக்கடை வட்டையில் வயல் செய்கிற எங்கள் மச்சான் ஒருமுறை, "இந்தப் போகத்தில வெண்டுட்டன் காக்கா" என்று சொல்லப்போய் மாட்டிக்கொண்டார். "வயல் கைகொடுத்திச்சு எண்டு சொல்லுங்க. மழையும் வெயிலும் செஞ்ச வேலைக்கு நீங்க எப்படி வெல்ற?" என்று கேட்டார். மச்சான் என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

விசா வந்தால், வங்கியில் லோன் கிடைத்தால், பிரதேச சபையில் மதில் கட்ட அனுமதி தந்தால் அதற்கெல்லாம் ஒரே சொல்: சரிவந்துட்டு. பல்கலைக்கழகம் போகிற பிள்ளைக்கு "தெரிவு". வருத்தக்காரர் எழும்பி நடந்தால் "தேறிட்டார்". தட்டித் தடவி எப்படியோ ஒரு காரியம் நடந்துவிட்டால் "ஒப்பேறிட்டு". வெற்றி என்ற சொல்லை மட்டும் அவர் வாயிலிருந்து பிடுங்க முடியாது. பந்து விளையாட்டுக்குக் கொடுப்பார், அதையும் கோப்பையைக் கையில் வாங்கின பிறகுதான் கொடுப்பார். 

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன காக்கா, உங்கட வீட்டுச் சொத்தையா கேக்கிறாங்க? ஒரு வெற்றி எண்டு சொல்லிட்டுப் போனா என்ன குறைஞ்சு போகும்?" என்று கேட்டேன்.

அவர் ஸ்பீக்கரின் வாயைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "பள்ளியில அஞ்சு நேரமும் வெற்றியின் பக்கம் வாங்க எண்டு பாங்கு சொல்லிக் கூப்பிடுறாங்க. அந்தச் சொல்லக் கொண்டு வந்து நான் கோழிக்கடைத் திறப்பு விழாவுக்குப் போடவா தங்கச்சி?" என்றார்.

நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

இந்தப் பழக்கத்தால் அவருக்கு நல்ல அடியும் விழுந்திருக்கிறது. ஒரு தேர்தலில் எங்கள் பக்கத்து வேட்பாளர் ஒருவர் மயிரிழையில் வந்துவிட்டார். எண்ணி, திரும்ப எண்ணி, ஊரே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் வந்த வெற்றி. ஊர்வலத்தின் முன்னால் காக்காவின் ஆட்டோ. "அமோக வெற்றியீட்டி" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். இவர் மைக்கைப் பிடித்து, "பெரும் சிரமத்தின் மத்தியில் தெரிவாகி வருகை தரும்" என்று தொடங்கினார். வேட்பாளர் மாலையோடு பின்னால் வாகனத்தில் நிற்கிறார். பிரதான வீதி முழுக்கச் சிரிப்பு. கடைத்தெரு வருவதற்குள் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு அந்தப் பக்கத்து வேலை ஒன்றும் அவருக்கு வரவில்லை.

"பொய்யா சொன்ன நான்?" என்று வந்து என்னிடம் கேட்டார்.

"பொய் இல்ல காக்கா, விசர்" என்றேன்.

அவருடைய மனைவியை நான் மதினி என்பேன். மெலிந்த, வாய் நிறையச் சிரிக்கிற மனுசி. இவருடைய அளவுகோலை வைத்தே இவரைக் கிண்டல் பண்ணுவாள். கறியை ருசி பார்த்துவிட்டு இவர் "தேறிட்டு" என்றால், "அல்ஹம்துலில்லாஹ், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகத் தேவையில்ல" என்பாள். ஒருநாள் மாலை கடை அறைப் பக்கம் வந்தவள் மதிலால் எட்டிப் பார்த்து, முக்காட்டால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"புள்ள, இண்டைக்கு இவர்ட்ட ஒண்டு கேட்டன். எல்லாத்துக்கும் ஒரு சொல் வெச்சிரிக்கிறீங்களே, என்னைக் கலியாணம் முடிச்சதுக்கு என்ன சொல்லு எண்டு."

"என்ன சொன்னார்?"

"தேத்தண்ணியப் பார்த்துக்கொண்டே இருந்தார். புறகு சொல்றார், நீ எனக்கு வாய்ச்சது எண்டு."

சொல்லிவிட்டு அவள் நின்ற நிலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பேரப்பிள்ளை கண்ட மனுசி, புதுப்பெண் மாதிரி நாணிக்கொண்டு நின்றாள். நானாக இருந்தால் அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் செய்த எல்லா விசர்த்தனத்தையும் பொறுத்திருப்பேன்.

சீனி வருத்தம் அவளைத் தின்றது. கடைசியில் சிறுநீரகமும் போய்விட்டது. மௌத்தான அன்று அறிவிப்பை வேறு ஆளை வைத்துச் சொல்லச் சொன்னார்கள். இவர் கேட்கவில்லை. "அவட பேர வேற ஆள் சொல்லப்படாது" என்று ஆட்டோவை எடுத்தார். எங்கள் ஊர் அறிவிப்பில் முதலில் கணவரின் பெயரைச் சொல்லி, இன்னாரின் அன்பு மனைவி என்றுதான் சொல்வது வழக்கம். தன்னுடைய பெயரை யாரோ ஒரு மூன்றாம் ஆளின் பெயரைச் சொல்வதைப்போல நிறுத்தி, தெளிவாகச் சொல்லிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். குரல் எங்கும் உடையவில்லை. கேட்டுக்கொண்டிருந்த நாங்கள்தான் உடைந்துபோனோம்.

இனிச் சொல்லப்போவது விளங்க வேண்டுமென்றால் எங்கள் கரையின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இங்கே வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்தால் அன்றிலிருந்தே தகப்பன் கல் சேர்க்கத் தொடங்குவான். மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். நான் இருக்கிற வீடும் என் பெயரில்தான் இருக்கிறது, நாளைக்கு என் மகளின் பெயருக்குப் போகும். எங்கள் வீட்டுக்காரரிடம் கோபம் வந்தால், "இந்த வீட்டில உங்கட செருப்பு வெக்கிற இடம் மட்டும்தான் உங்கட" என்று நான் சொல்வதுண்டு. பகிடியாகத்தான் சொல்வேன். அவரும் சிரிப்பார். காக்காவைப் பார்த்த பிறகு அந்தப் பகிடியை நான் சொல்வதில்லை.

காக்கா பிறந்த வீடு அவருடைய தங்கைக்குப் போனது. கலியாணம் முடித்துப் போன வீடு மதினியுடையது. இரண்டு மகள்மாரில் மூத்தவளுக்கு மாப்பிள்ளை வந்தபோது அந்த வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, புருசனும் மனைவியும் இளையவளைக் கூட்டிக்கொண்டு பின்னறைக்கு மாறினார்கள். பிறகு இளையவளுக்காகத் தோணா ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு வளவு நிலம் வாங்கினார். ஊரில் யார் யாருக்கோ கிடைத்த சித்தியும் தெரிவும் அவர் தொண்டை வழியாகப் போய் அங்கே கல்லாக ஏறின. மதினி பாதிச் சுவரைத்தான் பார்த்தாள். கூரை போட்டதும் இவரும் இளையவளும் அங்கே குடிபோனார்கள். சுவரெல்லாம் பூச்சு இல்லாமல் கிடந்தது.

அந்த வீட்டைக் காட்ட என்னைக் கூட்டிப் போனார். மண்டபம், இரண்டு அறை, குசினி எல்லாவற்றையும் ஓட்டமாகக் காட்டிவிட்டு, பக்கவாட்டில் இருந்த ஒரு சின்ன அறைக்கு வந்ததும் நின்றார். அதற்குத் தனியாக ஒரு வாசல். ஜன்னல் பள்ளிவாசலைப் பார்த்தபடி இருந்தது.

"இது என்ட இடம் தங்கச்சி. கட்டில் இந்தப் பக்கம். செட் சாமான் அந்த மூலையில. மருமகன் வந்தா அவருக்கும் கரைச்சல் இல்ல, எனக்கும் கரைச்சல் இல்ல. பாங்கு கேட்டா எழும்பி நடக்க வேண்டியதுதான்."

"மௌத்தாகிற வரைக்கும் திட்டம் போட்டு வெச்சிட்டீங்க" என்றேன்.

"ஓம். ஒரு மனுசனுக்குக் கட்டைய நீட்ட ஒரு இடம் வேணுமே" என்றார். அந்த வீட்டில் அவர் தனக்கென்று கேட்டது அந்த அறை ஒன்றைத்தான்.

இளையவளுக்குக் கலியாணம் இழுத்துக்கொண்டே போனது. நல்ல பிள்ளை, படித்த பிள்ளை, தாயில்லாத பிள்ளை. வருகிற பேச்செல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் கலைந்தது. வயது முப்பதைத் தொடப்போனது. கடைசியில் ஒரு இடம் வந்தது. பையன் கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்து கல்முனையில் கடை போட்டிருந்தான். நல்ல குணம். இவளுக்கும் பிடித்திருந்தது. போட்டோ பார்த்த நாளிலிருந்து அவள் குசினிக்குள் பாட்டு முணுமுணுத்ததை நானே கேட்டேன்.

பேசி முடிக்க வந்த அன்று நான்தான் குசினியில் நின்றேன். தாயின் இடத்தில் நிற்க வேறு ஆள் இல்லை. மூத்தவள் அன்றைக்குப் பிள்ளைப்பெற்று நாற்பது நாளுக்குள் இருந்தாள். மண்டபத்தில் பையனின் உம்மாவும் மாமாவும் பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார் ஒருவரும் இருந்தார்கள். வீடு பார்த்தாயிற்று, நாள் பேசியாயிற்று. தட்டில் தேத்தண்ணியை அடுக்கி இளையவளின் கையில் கொடுக்கப்போகிற நேரம் பையனின் உம்மா தொண்டையைச் செருமினாள்.

"ஒண்டு கேட்டா கோவிக்கப்படாது. எங்களுக்கு வெறும் வீடா வேணும்."

காக்கா விளங்காமல் பார்த்தார். "வெறும் வீடு எண்டா?"

"மாப்பிள்ளையும் பொண்ணும் மட்டும். என்ட மூத்த மகன் மாமனாரோட ஒரே வீட்டில இருந்துதான் பட்டான். ரெண்டு பேரும் நல்லவங்கதான். ஆனா ஒரு வாசலுக்க ரெண்டு ஆம்பிளை சரிவரல்ல. கடைசில புள்ளையளையும் விட்டுட்டு வந்து என்ட வீட்டில கிடக்கிறான். இவனையும் அப்பிடிப் பார்க்க என்னால ஏலாது. உங்களக் குறையாச் சொல்லல்ல."

அவள் குறையாகச் சொல்லவில்லை என்பது உண்மைதான். கெஞ்சுகிற மாதிரித்தான் சொன்னாள். மரைக்கார், "பக்கத்து அறைதானே, தனி வாசலும் இரிக்கே" என்று இழுத்துப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஒரே வளவுதானே" என்றாள்.

காக்கா திரும்பிக் குசினி வாசலைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் தட்டோடு நின்ற மகளைப் பார்த்தார். அவள் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர் மண்டபத்துப் பக்கம் முகத்தைத் திருப்பி, "சரி. வெறும் வீடு. மரைக்கார் சாட்சி" என்றார்.

எல்லாரும் போன பிறகு வாசலில் பிடித்துக்கொண்டேன். "என்ன காக்கா இது?"

"சரிவந்துட்டு, தங்கச்சி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மதில் கட்ட பேர்மிட் கிடைச்சா சொல்ற சொல்லு அது. புள்ளைட கலியாணம் பேசி முடிஞ்சிரிக்கு. வேற சொல்லு இல்லயா உங்களுக்கிட்ட?"

"இதுக்கு அதுதான் அளவு" என்றார்.

கலியாணத்தன்று ஊர் வாய் கிழியப் புகழ்ந்தது. ரெண்டு குமரையும் கரைசேர்த்துட்டார், கெலிச்சிட்டார் மனுசன், ஒரு மைக்கை வெச்சுக்கொண்டு ரெண்டு வீடு. சகன் என்கிற பெரிய தட்டைச் சுற்றிச் சாப்பிட இருந்தவர்கள் அவர் முதுகைத் தட்டினார்கள். வேறு நேரமாக இருந்தால், எந்தச் சொல்லை எங்கே வைக்க வேண்டும் என்று அங்கேயே பாடம் எடுத்திருப்பார். அன்று ஒருவரையும் திருத்தவில்லை. சிரித்துக்கொண்டு சகனுக்குச் சகன் இறைச்சி வைத்துக்கொண்டு போனார். அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

மூத்தவளின் பின்னறை இருக்கிறதே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை அவள் அந்தக் கிழமைதான் உடைக்கத் தொடங்கியிருந்தாள். அவளுக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். இருக்கிற வளவை இரண்டாகப் பிரித்து, பின்பக்கம் இன்னொரு வீட்டுக்கு அத்திவாரம் போட வேண்டும். "நான் என்ன செய்ற மாமி, எனக்கும் ரெண்டு குமர் இரிக்கு" என்று அழுதாள். அவளைத் திட்ட என்னால் முடியவில்லை. என் வீட்டிலும் ஒரு குமர் இருக்கிறாள். அத்திவாரத்துக்கு நூல் பிடிக்கும்போது ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் காக்காதான். மதினி படுத்துக் கிடந்த இடத்துக்கு மேலால் நூல் போனது.

அப்படித்தான் எங்கள் கடை அறைக்கு வந்தார். யாரிடமும் வந்துவிட்டேன் என்று சொல்லவில்லை. வேலை கூடுதல், அலுப்பாக இருக்கிறது, இங்கேயே சாய்கிறேன் என்று முதலில் சொன்னார். பிறகு ஒரு பாய் வந்தது, பிறகு ஒரு தலையணை, பிறகு மதினியின் பழைய தேத்தண்ணிக் கேத்தல். ஸ்பீக்கர் குழாய்களுக்கு நடுவில் கால் நீட்டுவதற்கு மட்டும் இடம் இருந்தது. கேட்கிறவர்களுக்கு "ஒபீஸில நிக்கிறன்" என்பார். சோறு இரண்டு மகள்மாரும் மாறி மாறி அனுப்பினார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இளையவள் அவளே கொண்டு வருவாள். அவர் சாப்பிட்டு முடியும்வரை வாசற்படியில் இருந்துவிட்டு, வெறும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போவாள்.

ஒருநாள் எங்கள் வீட்டுக்காரர், "காக்கா, பின்பக்கம் ஒரு அறை சும்மா கிடக்குது, வாங்க" என்று கேட்டார். மனம் வைத்துத்தான் கேட்டார். காக்கா சிரித்தார்.

"ரெண்டு மகள் ஊருக்குள்ள இரிக்கக்க நான் உங்கட வீட்டுக்குள்ள வந்தா, அதுகளுக்கு ஊருக்குள்ள தலைகாட்ட ஏலுமா? இது ஒபீஸ். இதில இருந்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க." பிறகு என்னைப் பார்த்து, "பயப்பிடாதீங்க தங்கச்சி, உங்கட வாசலில மௌத்தாகி மையத்தாக் கிடக்க மாட்டன்" என்றார்.

"கிடங்க. வாசல் என்ட பேர்லதான் இரிக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். உள்ளே வந்து அழுதேன்.

மாரி தொடங்கியது. தகரக் கூரை, ஒழுக்கு, ஈரம். அவருக்கு இருமல் பிடித்தது. இருமிக்கொண்டே அறிவிப்புக்குப் போனார், யாருடைய மௌத்தையாவது சொல்கிற ஜனாஸா அறிவிப்பென்றால் மட்டும் எப்படியோ இருமலை அடக்கிக்கொள்வார். நான்தான் இளையவளுக்கு ஆள் விட்டேன். மாலை மஃரிபுக்குப் பிறகு புருசனோடு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வீட்டில் ஏதோ பேச்சு நடந்திருக்கிறது என்று பார்த்ததும் விளங்கியது.

"மாமா, வீட்டுக்கு வாங்க" என்றான் மருமகன். சத்தமில்லாமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"உங்கட உம்மாக்கிட்ட நான் சொன்ன சொல்லு ஒண்டு இரிக்கு மகன்."

"வாப்பா" என்றாள் இளையவள்.

"வெறும் வீடு எண்டு சொன்னா வெறும் வீடுதான் மகள். வருத்தம் வந்தாலும் அதுதான். சொல்லுக்கு ஒரு அளவு இரிக்குத்தானே."

ஒரு தேத்தண்ணிக்கே மூன்று தரம் வற்புறுத்துகிற ஊர் எங்கள் ஊர். அந்தப் பையன் இரண்டாம் தரம் கேட்கவில்லை. கெட்டவன் இல்லை, உம்மாவின் சொல்லுக்கும் மாமனாரின் சொல்லுக்கும் நடுவில் நின்றான், அவ்வளவுதான். அன்று அவன் இன்னும் ஒரு தரம் கேட்டிருந்தால் காக்கா எழும்பிப் போயிருப்பார் என்று நான் நினைக்கிறேன். எனக்கு அவரைத் தெரியும். பாயில் கையை ஊன்றிக்கொண்டுதான் இருந்தார்.

இருமல் நெஞ்சுச் சளியாகி, மூச்சு இழுக்கத் தொடங்கியதும் எங்கள் வீட்டுக்காரர்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். இரண்டு மகள்மாரும் ஓடி வந்தார்கள். தேறிவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மூன்றாம் நாள் விடியல், சுபஹுக்குப் பிறகு மௌத்தாகிவிட்டார்.

எங்கள் வீட்டுக்காரர் அங்கே நடந்ததை வந்து சொன்னார். ஆஸ்பத்திரி வளவில் மரைக்கார், "மையத்த எந்த வீட்டுக்குக் கொண்டு போற?" என்று கேட்டிருக்கிறார். குளிப்பாட்ட, ஊர்ச் சனம் வந்து பார்க்க, பெண்கள் இருந்து ஓத ஒரு வீடு வேண்டும். மூத்த மருமகன் தலையைக் குனிந்திருக்கிறார். அங்கே முற்றம் முழுக்கக் கிடங்கும் கல்லும் கம்பியும். தங்கையின் வீட்டில் தங்கையின் மருமகன் இருக்கிறார். அறிவிப்புச் சொல்ல ஆட்டோவோடு வேறொருவர் வந்து நிற்கிறார், எந்த இல்லம் என்று சொல்லாமல் அவர் எப்படிப் புறப்படுவது? அந்த நேரம் இளைய மருமகன் உம்மாவுக்குக் கோல் எடுத்திருக்கிறான். போனை ஸ்பீக்கரில் போட்டதால் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கிறது.

"அதுக்கென்ன மகன், மையத்துத்தானே. கொண்டு வரட்டும்" என்றாளாம்.

மனதாரத்தான் சொல்லியிருப்பாள். அவளே எல்லாருக்கும் முதலில் வந்து மண்டபத்தைக் கூட்டி, பாய் விரித்து வைத்திருந்தாள். நான் போனபோது காக்காவைக் கொண்டு வந்து குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். அவர் கட்டின வீட்டின் மண்டபத்துக்கு நடுவில், இப்போது பூசி, வெள்ளை அடித்து அழகாக இருக்கிற சுவர்களுக்குள், வெள்ளைத் துணியால் மூடிக் கிடந்தார். பக்க அறையில் மருமகனின் கடைச் சாமான் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

பெண்கள் நிறைந்துவிட்டார்கள். யாசீன் ஓதி முடிந்த இடைவெளியில் புகழத் தொடங்கினார்கள். அதுவும் வழக்கம்தான், மௌத்து வீட்டில் நல்லதைத்தானே சொல்ல வேண்டும்.

"பொண்டாட்டி இல்லாம ரெண்டு குமரையும் கரைசேர்த்த மனுசன்."

"ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்கல்ல. மகள்ட வீட்டில இருந்து சீராப் போறார் பாருங்க."

"எல்லாருக்கும் இப்பிடி அமையுமா? இந்தத் துன்யாவிலயும் வெண்டார், மறுமையிலயும் வெண்டார்."

இளையவள் குசினி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதுவரை அவள் அழுததை நான் பார்க்கவில்லை. மண்டபத்துக்குள்ளும் வரவில்லை. நான் எழும்பி அவளிடம் போவதற்குள் அவள் பேசத் தொடங்கிவிட்டாள். சத்தமாகப் பேசவில்லை. ஆனால் மண்டபமே அடங்கிவிட்டது.

"எங்கட வாப்பா வெல்லல்ல. அப்பிடிச் சொல்லாதீங்க."

"மகள், சபூர் செய்யுங்க, பொறுத்துக்கொள்ளுங்க" என்றாள் பையனின் உம்மா.

"இல்ல மாமி, உங்களக் குறை சொல்லல்ல. நீங்க கேட்டீங்க, அவ்வளவுதான். வாப்பா உங்களுக்குத் தோக்கல்ல." அவள் நிலையை விட்டுக் கையை எடுத்தாள். "அண்டைக்கு இந்த இடத்திலதான் தட்டோட நிண்டன். வாப்பா திரும்பி என்ட முகத்தைப் பார்த்தவர். வேணாம் எண்டு ஒரு தலையசைப்புப் போதும், எழும்பியிருப்பார். நான் குனிஞ்சுகொண்டன். என்னட்டத்தான் அவர் தோத்தவர்."

அப்படி இல்லை மகள் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அன்று அவள் பக்கத்தில் நின்றவள் நான், எனக்குச் சொல் வரவில்லை. யாரோ ஒருத்தி மெல்ல அடுத்த யாசீனைத் தொடங்கினாள். இளையவள் மண்டபத்துக்குள் வந்து, வாப்பாவின் கால்மாட்டில் இருந்துகொண்டு, மூடியிருந்த துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மதியம் ளுஹருக்கு முன்னால் ஆண்கள் வந்து சந்தூக்குப் பெட்டியில் தூக்கி வைக்கும்வரைக்கும் அவள் அதை விடவில்லை.